நேராகப் போங்கள் என்றுதான் சொன்னேன்

ஆட்டுக்கறி முட்டைக்கோஸ் சூப்பை இரண்டு நாள் முன்பே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், அதிகாரியம்மா. அவசரப்பட்டால் கறி செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். நீங்கள் தெற்குச் சீமைக்காரர், உங்கள் பக்கம் இதெல்லாம் கிடையாது. இங்கே ஆரோக்கிய மாதா திருவிழாவுக்கு இந்த சூப் இல்லாத வீடு இருக்காது. பெரிய கால்வாயின் குறுக்கே மிதவைகள் போட்டு மரப்பாலம் கட்டுவார்கள். ஊரே அதன்மேல் நடந்து அக்கரைக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து சூப் குடிக்கும். திருவிழா முடிந்தால் பாலத்தைக் கழற்றிவிடுவார்கள்.

சூப்பைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருவிழா அன்று இரவு எங்கள் வீட்டு விருந்தாளி எத்தோரே அதை மூன்று தட்டு சாப்பிட்டான். மூன்றாவது தட்டை நான்தான் வற்புறுத்தி வைத்தேன். தட்டச்சு செய்கிற அந்தத் தம்பியை அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் எதையும் மறைக்க வரவில்லை. நானாகத்தான் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

என் பெயர் அல்வீஸே. ஓய்வு பெறும்வரை தண்ணீர் பஸ்ஸில் கயிறு போட்டவன். படகு துறையைத் தொட்டதும் கயிற்றை வீசி முடிச்சுப் போட வேண்டும். கம்பிக் கதவைத் திறந்து ஜனங்களை இறக்கி, ஏற்றி, மறுபடி முடிச்சை அவிழ்க்க வேண்டும். அந்தக் கதவருகே நிற்பவனிடம் உலகமே வந்து வழி கேட்கும். எந்த நாட்டுக்காரர் கேட்டாலும் நான் சொன்னது ஒன்றுதான். நேரா போங்க.

நான் மட்டுமில்லை, இந்த வெனிஸில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். இங்கே நேரான தெரு என்று ஒன்று கிடையாது. பத்தடி போனால் சுவர், திரும்பினால் தண்ணீர், அதைத் தாண்டினால் ஒரு முகமூடிக் கடை, அப்புறம் இன்னொரு சுவர். இருந்தாலும் நேராத்தான். மூக்கு போகிற போக்கில் போ, எங்கேயாவது போய்ச் சேருவாய் என்று அர்த்தம். அதில் கள்ளம் கபடம் ஒன்றும் இல்லை. நீங்கள் இங்கே மாற்றலாகி வந்த புதிதில் என்னிடம்தான் தபால் நிலையத்துக்கு வழி கேட்டீர்கள். எப்படியோ சாயந்திரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் அல்லவா.

எத்தோரே என் மனைவி நீவெஸுக்குச் சித்தப்பா மகன். பெர்கமோவில் பிறந்து வளர்ந்தவன், மலையடிவாரத்துக்காரன். அவன் மனைவி ஒர்னெல்லா. நீவெஸுக்கும் எத்தோரேவுக்கும் எல்தா என்று ஓர் அத்தை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். சாகும்போது தன் வீட்டைப் பாதி நீவெஸுக்கும் பாதி எத்தோரேவுக்குமாக எழுதிவைத்தாள். நாங்கள் குடியிருப்பது அந்த வீட்டில்தான். நாலாவது மாடி. ஜன்னலுக்குக் கீழே சந்து, சந்து முடிகிற இடத்தில் பெரிய கால்வாய், அதற்கு அக்கரையில் மாதா கோயில். திருவிழாப் பாலம் சரியாக எங்கள் சந்து முனையிலிருந்துதான் தொடங்கும். தன் பாதி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க எத்தோரே ஒவ்வொரு நவம்பரும் மனைவியோடு வந்துவிடுவான்.

வந்து தங்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விருந்தாளி வந்தால் சோறு போடத் தெரியாதவன் இல்லை நான். பகலெல்லாம் ஊரைச் சுற்றிவிட்டு, ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வெனிஸ் எப்படிப்பட்ட ஊர் என்று எங்களுக்கு எடுத்துச் சொல்வார்களே, அதுதான். எங்களுக்கு, அதிகாரியம்மா. அதுவும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"நீவெஸ், இந்த ஊர்ப் புறாவோட மூஞ்சியைக் கவனிச்சியா? ஒவ்வொண்ணு கண்ணுலயும் எவ்வளவு சோகம்" என்று ஒர்னெல்லா தொடங்குவாள்.

"அது சோகமில்லடி, அஜீரணம். நாள் பூரா வறுத்த உருளைக்கிழங்கு தின்னா எனக்கும்தான் அப்படி இருக்கும்" என்பான் எத்தோரே.

"ரசனை கெட்ட மனுஷன்."

"ரசனை இருக்கப்போய்தான் பெர்கமோல இருக்கேன். மச்சான், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க. வெனிஸும் எங்க ஊர் மாதிரிதான். என்ன, துவைக்க ஊறப்போட்டவங்க எடுத்துக் காயப்போட மறந்துட்டாங்க."

நான் ரொட்டியைப் பிட்டு சூப்பில் நனைத்துக்கொண்டிருப்பேன். கால்வாய்த் தண்ணீர் பச்சை என்பாள் அவள். சாம்பல் நிறம் என்பான் அவன். மேஜையில் இருக்கிற உப்பு, மிளகு, முள்கரண்டி எல்லாம் அந்த வழக்கில் சாட்சிக்கு வரும். கடைசியில் என்னை இழுப்பார்கள். "நீங்களே சொல்லுங்கண்ணே, என்ன நிறம்?" ஈரம் என்று ஒரு வருஷம் சொன்னேன். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வருஷம் அதைத் தங்கள் சொந்த அபிப்பிராயமாக எனக்கே திருப்பிச் சொன்னார்கள். கடல் ஏறி இறங்குவது ஏன் என்று எத்தோரே எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். நிலா காரணமாம். மணிக்கூண்டு உச்சிக்கு நான் ஏறியதே இல்லை என்று தெரிந்தபோது ஒர்னெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ பாவம், இங்கயே இருந்துகிட்டு" என்றாள். அன்று எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அதற்காக ஒரு மனிதன் யாரையும் ஒன்றும் செய்துவிட மாட்டான். நானும் செய்யவில்லை. வருஷக்கணக்காகத் தலையாட்டினேன்.

லிஃப்ட் வந்துதான் குடியைக் கெடுத்தது.

போன நவம்பரில் அவர்கள் வந்த முதல் நாள் நீவெஸ் காய்கறிப் பையோடு படியேறி வந்து மூச்சு வாங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். ஒர்னெல்லா பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தாள். அவர்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். லிஃப்ட் இருக்கிறதாம். லிஃப்டுக்குள் கண்ணாடி வேறு மாட்டியிருக்கிறார்களாம்.

"கண்ணாடி எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள் நீவெஸ்.

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன், அவள் குரலில் ஆசை ஏறினால் எனக்குத் தெரியாதா. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டச்சுக்காரர் ஒருவர் வந்து எங்கள் வீட்டைப் பார்த்தார். தங்கும் விடுதியாக்கப் போகிறாராம். ஜன்னலில் நின்று மாதா கோயிலைப் பார்த்ததும் அங்கேயே பேசி முடித்துவிட்டார். திருவிழா முடிந்த மறுநாள் காலை அக்கரையில் நோட்டரி அலுவலகத்தில் கையெழுத்து. நீவெஸும் எத்தோரேவும் இரண்டு பேரும் போட வேண்டும். மத்தியானம் அவருக்கு விமானம். அதற்குள் முடியாவிட்டால் புரானோ தீவில் பார்த்துவைத்திருக்கிற வேறு வீட்டை வாங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

நான் நீவெஸிடம் பேசிப் பார்த்தேன். பெர்கமோவில் நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். அங்கே தெருவெல்லாம் நேராகவே போகிறது, என்னிடம் எவன் வழி கேட்பான்.

"முழங்கால் வலிக்கிறது உனக்கில்ல அல்வீஸே, எனக்கு" என்றாள். "நீ வந்தா வா. வராட்டி இங்கயே இரு. நான் போறது போறதுதான்."

"நான் இல்லாமயா?"

"லிஃப்ட்ல ஒருத்தி தனியாவும் ஏறலாம்."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நீவெஸ் இல்லாத வீட்டையும் என்னால் நினைக்க முடியவில்லை, வெனிஸ் இல்லாத நீவெஸையும் என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டும் எனக்கு வேண்டும். எத்தோரே கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டும் எனக்கு இருக்கும். இதில் பேராசை எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசி நாள் இராச் சாப்பாட்டில் எத்தோரேவிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். சும்மா, பேச்சுவாக்கில்.

"பெர்கமோல ஏது மச்சான் நீச்சல்? நான் குளியல் தொட்டியிலயே நின்னுகிட்டுதான் குளிப்பேன்."

"எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டேன். இப்ப மறந்திருக்கும்" என்றாள் ஒர்னெல்லா.

மறந்திருக்கும் என்று அவள் சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி. நிம்மதி என்றால், பேச்சு சண்டையில்லாமல் முடிந்ததே என்ற நிம்மதி. அப்போதுதான் எத்தோரேவுக்கு அந்த மூன்றாவது தட்டை வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நீவெஸுக்குக் கோயிலில் ஏதோ நேர்த்திக்கடன், கைப்படகு பிடித்து முன்னாடியே அக்கரைக்குப் போய்விட்டாள். "அவங்க ரெண்டு பேருக்கும் வழி சொல்லி அனுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது அவள் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது.

நான் ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். பாலம் கழற்றுகிற கூட்டத்தில் பெப்பி என்று எனக்குத் தெரிந்தவன் ஒருவன் உண்டு. முக்கால்வாசி வேலை இருட்டோடு முடிந்துவிட்டது, எங்கள் கரையில் கிடக்கிற கடைசித் துண்டு மட்டும் பாக்கி, அதையும் ஒன்பது மணிக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றான். சந்து முனையில் ஒரு மரத் தடுப்பு வைத்திருந்தார்கள். பனியில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது. நல்ல மரம். எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தேன். கூடவே பாலம் மூடப்பட்டது என்று எழுதிய பலகை ஒன்று. அது மட்டும் தனியாக நின்று என்ன செய்யப்போகிறது என்று அதையும் எடுத்துக்கொண்டேன். நாலு மாடி தூக்கினேன், அதிகாரியம்மா. எனக்கும் முழங்கால் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை.

ஒன்பது மணி அடித்து ஓய்ந்த பிறகு அவர்கள் கிளம்பினார்கள். வெளியே நல்ல குளிர். விருந்தாளிகளை அப்படியே அனுப்ப மனசு வருமா. என்னிடம் மீன்பிடிக்கிறவர்கள் போடும் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி உண்டு, தொடை வரைக்கும் வரும். இரண்டு பேருக்கும் மாட்டிவிட்டேன். உள்ளே தண்ணீர் புகுந்தால் காலை அசைக்கவே முடியாது, கல்லைக் கட்டின மாதிரி இழுக்கும் என்று சொல்வார்கள். தண்ணீர் புகாதவரை அதைப் போல வசதி கிடையாது. எத்தோரேவுக்கு என் மாமனாருடைய கம்பளிக் கோட்டையும் போட்டுவிட்டேன். காய்ந்திருக்கும்போதே அது ஒரு ஆள் கனம். நோட்டரிக்குக் கொஞ்சம் சூப் கொடுத்தனுப்பினால் மரியாதையாக இருக்குமே என்று தோன்றியது. இரும்புச் சட்டி நிறைய ஊற்றி, மூடி போட்டு, துணியால் கட்டி ஒர்னெல்லாவின் தோளில் மாட்டினேன். கை வழுக்கி விட்டுவிடுவாளோ என்று இடுப்போடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நான் போட்ட முடிச்சு என் உத்தியோக காலத்தில் ஒருமுறைகூடத் தானாக அவிழ்ந்ததில்லை.

"எவ்வளவு பாசம் பாரு இவருக்கு" என்றாள் ஒர்னெல்லா. அவள் கண் கலங்கியிருந்தது.

வாசலில் எத்தோரே திரும்பி நின்றான். "மச்சான், அந்தப் பாலம் இன்னிக்கும் இருக்கும்ல?"

இந்த இடத்தில் நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"நேத்து எப்படிப் போனீங்க?"

"சந்துல இறங்கி நேரா."

"அப்ப நேரா போங்க."

அவ்வளவுதான். இதில் எந்த வார்த்தை பொய்?

அவர்கள் இறங்கியதும் நான் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கிளாஸ் ஒயின், இரண்டு பிஸ்கட். காற்று வாங்கத்தான். கீழே ஒன்றும் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"பனின்னா இதுதான் பனி."

"இது பனியில்ல, மேகம். கீழ இறங்கியிருக்கு."

"மேகம் எங்கடி இறங்கும்?"

சந்து எந்த இடத்தில் முடிகிறது என்று எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் அந்த இடத்துக்கு வந்தது. அந்த இடத்தைத் தாண்டியது. தண்ணீர் மேல் போனது. தண்ணீர் மேல் சண்டை போட்டுக்கொண்டே இன்னும் போனது. என் கையிலிருந்த பிஸ்கட் ஒயினில் விழுந்துவிட்டது. திருவிழாவைத் தவிர மற்ற நாளில் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். ஆரோக்கிய மாதாவே இறங்கி வந்து, பூட்ஸும் சட்டியுமாக அந்த இரண்டு பேரையும் தண்ணீர் மேல் நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாகக்கூட இருந்தது. வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றியது நான். அற்புதம் நடந்தது பெர்கமோக்காரனுக்கு.

நடந்தது என்ன என்று பெப்பி அப்புறம் சொன்னான். பாலத்தின் கடைசித் துண்டை ஒரு தட்டைப் படகின் மேல் ஏற்றிக் கரையோடு ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியோடு, பலகையோடு, அது பாலம் மாதிரியேதான் இருந்திருக்கிறது. ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டியது. பனி விலகட்டும் என்று எல்லாரும் முக்குக் கடைக்கு ஒயின் குடிக்கப் போயிருக்கிறார்கள். ஒரு கிளாஸ் இரண்டாகி, இரண்டு நாலாகி, வந்து படகைக் கிளப்பும்போது இவர்கள் இருவரும் மேலே ஏறி நடுப்பகுதிக்குப் போய்விட்டார்கள். பனியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் நரைத்தவன் நான். வெனிஸ்காரன் ஒருவன் இத்தனை மணிக்குள் வேலையை முடித்துவிடுவேன் என்று சொன்னதை நம்பினேன். இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

படகு ஊர்ந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இவர்கள் கம்பியைப் பிடித்து நின்றபடி தண்ணீர் பச்சையா சாம்பலா என்று வாதாடியிருக்கிறார்கள். நடுவில் ஒர்னெல்லா நோட்டரி அலுவலகத்தில் காத்திருந்த நீவெஸுக்குப் போன் செய்தாள்.

"நீவெஸ், கவலைப்படாதே, நாங்க பாலத்து மேலதான் இருக்கோம். நேத்தைவிட இன்னிக்கு ரொம்ப நீளமா இருக்கு."

நீவெஸ் இந்த ஊர்க்காரி. இன்று பாலம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். போனைக் கீழே வைத்தாளாம். பிறகு இன்றைக்குக் கையெழுத்து நடக்காது என்று நோட்டரியிடம் சொன்னாளாம். டச்சுக்காரர் மத்தியானம் விமானம் ஏறிவிட்டார்.

இவர்கள் போய்ச் சேர்ந்தது ஊருக்குக் கடைசியில், பாலத் துண்டுகளை அடுக்கிவைக்கிற கொட்டடி. அங்கே வேலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்தும் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல், கடைசியில் துணியைக் கத்தியால் அறுத்திருக்கிறார்கள். சூப் இன்னும் சூடாக இருந்திருக்கிறது. சுற்றி உட்கார்ந்து குடித்துவிட்டு, விருந்தாளிகளைப் படகில் ஏற்றி யாருக்கும் காட்டாத தீவுகளையெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். சேற்றில் இறங்கி நடக்க பூட்ஸ் ரொம்ப வசதியாக இருந்ததாம்.

சாயந்திரம் இரண்டு பேரும் கன்னம் சிவந்து வந்து நின்றார்கள். நான் அவர்களை உயிரோடு எதிர்பார்க்கவில்லை. அதாவது, அவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. எத்தோரே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மச்சான், பாலமே நகர்ந்துச்சு மச்சான். இத்தனை வருஷமா வந்து போறோம், இந்த ஊரை நாங்க பாக்கவே இல்ல. பூட்ஸ் குடுத்து, கோட்டு குடுத்து, சோறு கட்டிக்குடுத்து, எல்லாத்தையும் மனசுக்குள்ள வச்சுகிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நேரா போங்கன்னு சொன்னீங்க பாருங்க. மனுஷனா நீங்க?"

"இந்த வீட்டைப் போயி விக்கறதாவது" என்று ஒர்னெல்லா அழுதாள். "நாங்க இங்கயே வந்துடறோம். எங்க பாதியில."

வந்தும்விட்டார்கள். கட்டில், காபி இயந்திரம், ஒரு கூண்டுக் கிளி எல்லாவற்றோடும். முன்பெல்லாம் நவம்பரில் மட்டும் கேட்டது, இப்போது காலையில் காபியோடு தொடங்குகிறது. கிளிகூடக் கற்றுக்கொண்டுவிட்டது. அவள் சொல்வதை ஒரு தரமும் அவன் சொல்வதை ஒரு தரமும் சொல்கிறது.

இனி நீவெஸ். அன்று அவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவள் சமையலறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்பின் பக்கத்தில் அந்தத் தடுப்பும் பலகையும் சாய்த்து வைத்தபடி இருந்தன. அவள் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நனைஞ்சுகிட்டு இருந்துச்சு."

"சட்டியை அவ இடுப்புல கட்டிவிட்டது யாரு?"

"நான்தான். கை நழுவிடுமேன்னு."

"ஒத்தை முடிச்சா, ரெட்டையா?"

"ரெட்டை."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள், எதையாவது எடுத்து வீசுவாள் என்று நினைத்தேன். அவள் வீசினால் குறி தப்பாது. ஒன்றும் செய்யவில்லை. "எனக்காகத்தான் செஞ்சேன் நீவெஸ். நீ என்னை விட்டுப் போகக்கூடாதுன்னு" என்றேன். எனக்காக என்று வாய் தவறி வந்துவிட்டது, உனக்காக என்றுதான் சொல்ல நினைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் இங்க இருந்தா, ஒரு நாள் எனக்கும் வழி சொல்லுவே, அல்வீஸே" என்றாள்.

இப்போது அவள் பெர்கமோவில், எத்தோரே காலி செய்துவிட்டு வந்த வீட்டில் இருக்கிறாள். சும்மா லிஃப்டில் ஏறி இறங்கிப் பார்க்கப் போயிருக்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. லிஃப்டுக்குள் போன் வேலை செய்யாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. புகார் எதுவும் வரவில்லை, வந்தது எத்தோரேவும் ஒர்னெல்லாவும் எழுதிய நன்றிக் கடிதம் ஒன்றுதான் என்று சொல்கிறீர்கள். தெரியும். அதை எழுதும்போது மூடுபனி என்று போடுவதா மேகம் என்று போடுவதா என்று என் எதிரில்தான் சண்டை போட்டார்கள். அதனால்தான் நானே வந்தேன். உங்களுக்கு இன்னும் தெளிவாக வேண்டும் என்றால் சொல்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் அந்தத் தண்ணீரில் விழ வேண்டும், விழுந்தால் எழக்கூடாது என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் செய்தேன். பூட்ஸ், கோட்டு, சட்டி, தடுப்பு, மூன்றாவது தட்டு, எல்லாம். போதுமா? சிரிக்காதீர்கள். தட்டச்சு செய்கிற தம்பியும் சிரிக்கிறான்.

என்னை உள்ளே போடுங்கள். அதைக் கேட்கத்தான் வந்தேன். ஜெயிலில் இருப்பவனுக்கு வீட்டு மனிதர்கள் வாரம் ஒரு தரம் சாப்பாடு கொண்டுவரலாமாமே. நீவெஸ் தெருப் பூனையைக்கூடப் பட்டினி போட்டதில்லை. கட்டாயம் ரயிலேறி வருவாள். ஜெயிலில் படியும் அதிகம் இருக்காது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து, முழங்கால் எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும் எனக்கு. நான் ஒன்றும் பேசமாட்டேன்.

முடியாதா. சரி. கீழே வாசலில் யாரோ பேசுகிற சத்தம் கேட்கிறதே, அவர்கள்தானா? என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருப்பார்கள். காவல் நிலையத்தைப் பற்றி உங்கள் காவலர்களுக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்று ராத்திரி இதுவும் மேஜைக்கு வரும்.

கிளம்புகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், நீவெஸுக்கு என்மேல் பயம் என்று நீங்கள் தவறாக எழுதிவிடக்கூடாது. அவள் போன அன்று நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த ஊர் ரயில் நிலையத்துக்குத் தட்டுத் தடுமாறாமல் போய்விடுவாள் அவள். எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு பத்திரிகைக் கடை. அங்கே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாலாவது மாடி வரைக்கும் கேட்கிற குரலில், ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் நேரா போங்க என்றார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வேடிக்கைக்குத்தான் அப்படிக் கேட்டிருப்பாள்.